பிரெஞ்சு தெரிந்த தம்பி

தொப்பம்பட்டியில் ஒன்றிய அலுவலகத்துப் பக்கம் யாரிடமாவது "பிரெஞ்சு தெரிஞ்ச தம்பி வீடு எதுங்க?" என்று கேட்டால் என் வீட்டுக்குக் கையைக் காட்டுவார்கள். சுற்றுவட்டாரத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் சாயங்காலமானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். பல வருடங்களாக இப்படித்தான். மாதாமாதம் ஃபீஸ் வாங்குகிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

அவையடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. எழுத்தில் கண்டால் சில நூறு சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்வேன். வினைச்சொற்களை வரிசையாக ஒப்பிப்பேன். யாராவது வாய் திறந்து பிரெஞ்சில் பேசினால் ஒரு வாக்கியம்கூடக் காதில் பிரிந்து விழாது. நானாகச் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசியதும் கிடையாது. வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. வெளியே ஒரே ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கூத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு ரெசிடென்ஷியல் பள்ளியின் அட்மிஷன் அறையில் இது ஆரம்பித்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டே, "லாங்குவேஜ் என்ன போடட்டும்? தமிழா, பிரெஞ்சா?" என்றார். அப்பாவுக்கு மக்காச்சோளமும் தென்னையும்தான் தெரியும். "பிரெஞ்சுன்னா எப்படிங்க?" என்று கேட்டார். "தமிழுன்னா செய்யுள், இலக்கணம், கட்டுரைன்னு நேரம் ஓடிப்போகும். பிரெஞ்சு எல்லாருக்கும் அ, ஆவன்னாவிலிருந்து ஆரம்பம். கொஞ்சம் படிச்சா மார்க். மிச்ச நேரத்தை மேத்ஸ்ல போடலாம்." அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது, அது எனக்கும் அப்போதே தெரியும். அன்றைக்குப் பிளஸ் டூ மொத்தம் 1200. மொழிப்பாடத்துக்கு இரண்டு தாள், 200 மதிப்பெண். ஆனால் இன்ஜினியரிங் கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொழி அங்கே நுழையவே நுழையாது. சீட்டுக்கு உதவாத பாடத்தில் எவ்வளவு குறைவாக நேரம் செலவழிக்கலாம் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதிலாக ஒரு மொழியை எடுத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் தமிழ்தான் எனக்குப் பிடித்த பாடம். அதையும் எழுதி வைத்துவிடுகிறேன்.

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருடத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. பிளஸ் ஒன்னுக்கு அது வரவில்லை, அந்தக் கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. அரசு ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தது: மாநில ரேங்க் தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்குத்தான். பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்து அதைவிட அதிகம் வாங்கியவர்களின் பெயர் தனியாக வரும். 2017-ல் ரேங்க் அறிவிக்கிற வழக்கமே போய்விட்டது. அடுத்து 1200-ம் 600 ஆயிற்று. நான் ரேங்க் வாங்குகிற ஜாதியில் இல்லை என்பதால் எனக்கு இதில் நஷ்டமொன்றும் இல்லை.

பாடம் என்னவோ சொற்பட்டியல்தான். இடது பக்கம் பிரெஞ்சு, வலது பக்கம் ஆங்கிலம். நிறங்கள், வாரநாட்கள், உடலுறுப்புகள், வீட்டுச் சாமான்கள், எண்கள். ஆங்கிலம் வீட்டில் பேசுகிறவர்களுக்காக யாரோ எங்கோ தயாரித்த பட்டியல் அது. எங்கள் கைடு அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது. 1066-ல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்து குவிந்துவிட்டன. அதனால் ஆங்கிலம் தெரிந்தவனுக்குப் பட்டியலில் பெரும்பகுதி இலவசம். மேசை அதே டேபிள்தான், பக்கம் அதே பேஜ்தான்; எழுத்து மாறாது, உச்சரிப்பு மட்டும் வேறு. 'ஷன்' என்று முடிகிற நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் எழுத்து மாறாமல் அங்கேயும் கிடக்கின்றன. தேர்வுத்தாளில் உச்சரிப்பைக் கேட்க மாட்டார்கள். ஆகவே நாங்கள் உச்சரிப்பை விட்டுவிட்டோம். மொழியில் காதால் கேட்கிற பாதியை அன்றைக்கு விட்டவன் இன்றுவரை எடுக்கவில்லை.

பிரெஞ்சில் பறவைக்கு ஒரு சொல் இருக்கிறது. எழுத்துக்கூட்டினால் ஓ, ஐ, எஸ், இ, ஏ, யு. ஐந்து உயிரெழுத்தும் அதில் உண்டு. சொல்லும்போது 'வாஸோ'. எழுதிய எந்த எழுத்தும் தன் சொந்த ஓசையில் ஒலிக்காது. பக்கத்தில் இருந்த பையன் அதைப் புத்தக ஓரத்தில் தமிழில் "ஓய்சியு" என்று எழுதி வைத்துக்கொண்டான். நானும் பார்த்து எழுதினேன். இருவரும் அந்தச் சொல்லுக்கு முழு மதிப்பெண் வாங்கினோம்.

ஆங்கில வழியாகப் படித்ததில் இன்னொரு வேடிக்கை. பிரெஞ்சில் முன்னிலைக்கு இரண்டு சொல்: நெருங்கியவரிடமும் சின்னவரிடமும் 'த்யு', பெரியவரிடமும் தெரியாதவரிடமும் 'வூ'. எங்கள் பட்டியலில் இரண்டுக்கும் எதிரே ஒரே 'யூ' அச்சாகியிருந்தது. எதை எங்கே போடுவது என்று விளக்க அரைப்பக்க ஆங்கிலக் குறிப்பு வேறு. பக்கத்து வீட்டு நாயை 'நீ' என்றும் அதன் சொந்தக்காரரை 'நீங்க' என்றும் பிறந்ததிலிருந்து சொல்லிவந்த நான், அந்த அரைப்பக்கத்தை உருப்போட்டேன். பசிக்கு ஆங்கிலத்தில் 'நான் பசியாக இருக்கிறேன்' என்கிற வாக்கியம். பிரெஞ்சில் 'எனக்குப் பசி இருக்கிறது' என்கிற பாங்கு. வயதும் அப்படியே, எனக்கு இத்தனை வயது இருக்கிறது என்பதுதான் அவர்கள் வழக்கு. நேராகத் தமிழிலிருந்து போயிருந்தால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். நான் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, 'விதிவிலக்கு' என்று சிவப்பு மையில் கோடு போட்டு வைத்தேன்.

தமிழ் எல்லாவற்றுக்கும் கைகொடுத்திருக்கும் என்று சொல்லவில்லை. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். சூரியன் ஆண், நிலா பெண். சந்திரனை ஆணாகவே பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஆங்கிலக்காரனுக்கு இருக்கிற அதே தலைவலிதான். எண்பதுக்கு 'நாலு இருபது' என்பார்கள். தொண்ணூற்றொன்பது என்றால் நாலு இருபது, பத்து, ஒன்பது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் ஒழுங்கான தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். பாரிஸ்காரர்கள் இன்னும் இருபது இருபதாகத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிகிறதே, பிறகென்ன தெரியாது என்கிறாய் என்று கேட்கலாம். இது பிரெஞ்சைப் பற்றித் தெரிந்தது. பிரெஞ்சு வேறு. இந்த இரண்டையும் குழப்பியே நான் காலம் தள்ளினேன்.

மார்க் வந்தது. 200-க்கு 190-ஐத் தாண்டியது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் சித்தப்பா ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார். என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஆளுயரத்துக்குப் பெருக்கி, 'பிரெஞ்சு மொழியில் சாதனை' என்று. அன்றைக்குச் சாயங்காலம் அப்பாரு கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்: "ஏஞ்சாமி, அவிங்க ஊருல தண்ணிக்கு என்னன்னு சொல்லுவாங்க?" தண்ணீர் பட்டியலில் உண்டு. இ, ஏ, யு என்று மூன்றெழுத்து. நான் தயங்கவேயில்லை. "ஈயூ" என்றேன். அதன் உச்சரிப்பு வெறும் 'ஓ' என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அப்பாரு அதை ஊரெல்லாம் சொன்னார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் கொண்டுபோகிற வண்டியில் ஏறினால்கூட, "எம் பேரன் பிரெஞ்சு படிச்சவன், தண்ணிக்கு அங்க ஈயூன்னு சொல்லோணும்" என்பார். எனக்குச் சரி தெரிந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். நான் திருத்தவில்லை. கடைசிவரை ஈயூதான்.

இன்ஜினியரிங் முடித்து, கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கே வந்துவிட்டேன். என் பயோடேட்டாவில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று இருந்தது. எந்த இன்டர்வியூவிலும் யாரும் அதைச் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

டியூஷன் தானாக வந்து சேர்ந்தது. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பழனில டியூஷனுக்கு அனுப்பலாம்னா பஸ் நேரம் ஒத்து வரல. நீங்கதான் இருக்கீங்களே." எனக்கு வராது என்று சொல்ல அப்போது ஒரு நொடி கிடைத்தது. சொன்னால் அந்த 190-க்கு மேல் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும். ஃபிளெக்ஸ் ஞாபகம் வந்தது. "வரச் சொல்லுங்க அக்கா" என்றேன்.

சொல்லிக்கொடுக்கிற முறை எளிது. பழைய வினாத்தாள்களை வரிசையாக அடுக்கி, திரும்பத் திரும்ப வருகிற வாக்கியங்களை எடுத்து, அப்படியே எழுதவைப்பது. பொருள் புரிகிறதா என்று கேட்பதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்கள். பிள்ளைகளும் நல்ல மார்க் வாங்கினார்கள். அடுத்த வருடம் இன்னும் பேர் வந்தார்கள்.

நான் கொடுத்த தவறுகளில் நினைவிருப்பதைச் சொல்கிறேன். 'லிப்ரேரி' என்ற சொல்லை நூலகம் என்று ஒரு பேட்ச் முழுவதற்கும் கற்றுக்கொடுத்தேன். அது புத்தகக்கடை. நூலகத்துக்கு 'பிப்ளியோதேக்'. ஆங்கிலத்தின் முகத்தை வைத்துக்கொண்டு வேறு பொருள் சொல்கிற இத்தகைய சொற்களைப் பிரெஞ்சில் பொய் நண்பர்கள் என்றே அழைக்கிறார்கள். பட்டியல் ஆங்கில வாசகருக்கானது என்பதால் அவற்றை எச்சரித்து ஒரு பக்கமே கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் 'தேர்வுக்கு முக்கியமில்லை' என்று நான் படிக்கும்போதே கிழித்தெறியாத குறையாக ஒதுக்கியது. ஆங்கிலத்தில் வலி என்று படிக்கத்தக்க எழுத்துகள் அங்கே ரொட்டி. நாணயம் என்று நினைப்பது மூலை. நாலு என்று நினைப்பது அடுப்பு. பூனை மூலையில் இருக்கிறது என்று எளிமையான ஒரு வாக்கியம். பூனை நாணயத்துக்குள் இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு பையன், "எப்படிண்ணா உள்ள போகும்?" என்றான். "அது கவிதை நடை" என்றேன்.

இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பு வருகிறது. அந்தப் பையனுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் நோட்டில் குறித்துக்கொண்டான்.

எனக்குள் எங்கே பழுது என்று எனக்குப் புரிந்தது ஒரு மக்காச்சோளக் காட்டில். எங்கள் பக்கம் மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாக எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம்தான். வேளாண் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையமே வாகரையில் இருக்கிறது. கதிர் ஒடிக்கிற நாளில் வரப்பில் நின்றபோது, டியூஷன் படிக்கிற ஒரு பொடியன் கேட்டான்: "அண்ணா, மக்காச்சோளத்துக்குப் பிரெஞ்சுல என்ன?" எனக்குத் தெரியவில்லை. தெரியாதது பெரிய விஷயமில்லை, சொல் தெரியாமல் போகலாம். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதுதான் உறைத்தது. பட்டியலில் பாரிஸ் மெட்ரோ இருந்தது, பாலாடைக்கட்டி வகைகள் இருந்தன, பனிச்சறுக்கு இருந்தது. மக்காச்சோளம் இல்லை, இல்லாததை நான் தேடவில்லை. ஒரு மொழியைப் படிக்கிறவன் முதலில் தன் கண்முன் இருப்பதற்குத்தான் சொல் தேடுவான். குழந்தைகள் அப்படித்தான் பேசக் கற்கின்றன. நான் படிக்கவேயில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பொடியனிடம், "அங்க மக்காச்சோளம் விளையாதுடா" என்று சொல்லிவிட்டேன். பிரான்ஸ் ஐரோப்பாவின் பெரிய மக்காச்சோள நாடுகளில் ஒன்று. சொல் 'மாயிஸ்'. ராத்திரி போனில் பார்த்துக்கொண்டேன். மறுநாள் அவனிடம் சொல்லவில்லை.

பேசத் தெரியாதவனுக்குக் கதைகள் உதவும். "எங்கே, பிரெஞ்சுல நாலு வார்த்தை பேசுங்க" என்று கல்யாண வீட்டில் யாராவது இழுத்தால் நான் வரலாற்றுக்குள் ஓடிவிடுவேன். "நம்ம திண்டுக்கல்லுக்கும் பிரெஞ்சுக்காரங்களுக்கும் என்ன சம்பந்தம் தெரியுங்களா?" என்று ஆரம்பிப்பேன். ஹைதர் அலி மைசூருக்கு ராஜாவைப்போல ஆவதற்கு முன் திண்டுக்கல்லில் பௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, இருந்தவர். 1755-ல் பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு அங்கே ஆயுதச்சாலை அமைத்தார். பிற்பாடு ஆங்கிலேயரை நடுங்க வைத்த பீரங்கிப்படையின் தொடக்கம் அந்தப் பாறைக்கோட்டை அடிவாரத்தில்தான். கேட்கிறவர் வாயைப் பிளப்பார். அது போதாதென்றால் கொடைக்கானலுக்கு ஏறுவேன்: சலேத் மாதா ஆலயம், 1866, பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் கட்டியது, ஆல்ப்ஸ் மலைக்கிராமம் ஒன்றில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் இடத்தின் பெயரைத்தான் நம் மலைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னும் நேரமிருந்தால் பாண்டிச்சேரிக்குப் போய் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-லிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குத் தலைமைத் துபாஷ். துபாஷ் என்றால் இருமொழிக்காரர் என்று நான் விளக்கும்போது முகத்தில் ஒரு சலனமும் காட்ட மாட்டேன்.

அதே பாண்டிச்சேரியில் 1855-லும் 1862-லும் பிரெஞ்சுப் பாதிரியார்கள் இரண்டு பாகமாகத் தமிழ்-பிரெஞ்சு அகராதி அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டு மொழிக்கும் நடுவே ஆங்கிலம் என்ற தரகர் இல்லாத புத்தகம். அதைப் பற்றியும் மேடைபோட்டுப் பேசியிருக்கிறேன். புரட்டியதில்லை.

இனிச் சொல்வதுதான் கனமானது.

எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தியைப் பாண்டிச்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குழந்தைக்குப் பழனியில் மொட்டையடித்துக் காது குத்திவிட்டு, பெண் வீட்டில் விருந்து. மாப்பிள்ளையின் தாத்தா வந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் 'சொல்தா' என்பார்களே, அவர்களில் ஒருவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், நெற்றியில் திருநீறு. பந்தலில் யாருக்கோ யோசனை வந்துவிட்டது. "அய்யா, எங்க ஊருலயும் பிரெஞ்சு தெரிஞ்ச தம்பி இருக்குதுங்க." என்னைத் தேடி ஆள் வந்தது. வயலில் வேலை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். போனேன். போனதற்குக் காரணம் ஆசைதான். அவர் என்னைப் பார்த்துத் தலையசைப்பதை ஊர் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

அவர் எழுந்து கைகொடுத்தார். சிரித்தார். ஒன்று கேட்டார். 'வூஸெத்திஸி' என்று ஒரே மூச்சில் என் காதில் விழுந்தது. எனக்கு அது ஒரு சொல்லா பத்துச் சொல்லா தெரியவில்லை. பந்தல் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மெர்சி" என்றேன். நன்றி என்று பொருள். அவர் புருவம் லேசாக உயர்ந்தது. நிறுத்தி நிதானமாக மறுபடி கேட்டார். இந்த முறை "வீ, வீ" என்றேன், ஆமாம் ஆமாம் என்று. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தமிழுக்கு மாறிவிட்டார். "ரொம்ப சந்தோஷம் தம்பி. நல்லா இருங்க. எனக்குத்தான் பேசி நாளாச்சு, வாய் குழறுது." என்னைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பெரியவர் தன் மேலே குறையைப் போட்டுக்கொண்டார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நாங்கள் பிரெஞ்சில் பேசிவிட்டோமாம்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அந்த ஓசைகள் மெல்லப் பிரிந்தன. வூ. எத். திஸி. ஒரு சொல்லின் ஊமை எழுத்து அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்து ஒலிக்கும் என்பது முதல் மாதப் பாடம். தமிழில் புணர்ச்சி படித்தவனுக்குச் சொல்லவே வேண்டாம். அவர் கேட்டது: "நீங்க இந்த ஊருங்களா?"

அதோடு விட்டிருந்தால் வெறும் அசட்டுத்தனம். மறுநாள் டீக்கடையில், "என்ன தம்பி, தாத்தா என்ன கேட்டாரு?" என்று விசாரித்தார்கள். நான் சொன்னேன்: "அவர் பேசுறது பழைய பாண்டிச்சேரிப் பிரெஞ்சுங்க. கொச்சை. நாங்க படிச்சது பாரிஸ் பிரெஞ்சு. அதான் கொஞ்சம் ஒட்டல."

இதைச் சொன்ன வாய் என்னுடையது. பாண்டிச்சேரியில் 1826-லேயே பிரெஞ்சுப் பள்ளி தொடங்கியாயிற்று, அது இன்றும் லீசே என்ற பெயரில் நடக்கிறது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி முழுமையாக இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக்கொடுக்கலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். அப்படி எழுதிக்கொடுத்த குடும்பங்கள் இன்றும் பிரான்ஸ் தேர்தலில் பாண்டிச்சேரியில் இருந்தபடியே ஓட்டுப்போடுகின்றன. அந்த மனிதர் பிரெஞ்சு ராணுவத்தில் அந்த மொழியில் உத்தரவு வாங்கி, அந்த மொழியில் சாப்பிட்டு, சண்டைபோட்டு, பென்ஷன் வாங்குகிறவர். இத்தனையும் தெரிந்துகொண்டுதான் அவருடைய மொழியைக் கொச்சை என்றேன். டீக்கடையில் எல்லாரும் நம்பினார்கள். ஒருவர், "அப்ப நம்ம தம்பிதான் ஒஸ்தி" என்றார். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

அதற்குப் பிறகாவது ஒழுங்காகப் படித்திருக்கலாமே? பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. போனில் இலவசமாக ஆயிரம் பாடம். டெல்ஃப் என்ற பிரெஞ்சு அரசுத் தேர்வில் முதல் படி ஏ-ஒன். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, எதிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. பேசுகிற பகுதியில் உங்கள் பெயர், ஊர், குடும்பம் பற்றிக் கேட்பார்கள். என் ஊர் பற்றிக் கேட்பார்கள்! விண்ணப்பம் வரை போனேன். அங்கே என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது ஏ-டூவுக்கோ பி-ஒன்னுக்கோ வந்து வரிசையில் நின்றால் என்ற நினைப்பு வந்ததும் மூடிவைத்தேன். போனில் பாடம் கேட்க வேண்டுமென்றால் வாய்விட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். வீட்டில் அம்மா கேட்டால், ஏன் தம்பி இப்ப ஆனா ஆவன்னா படிக்கிற என்பார். ஹெட்போன் போட்டுக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தேன். இரண்டு வாரம் தாங்கவில்லை.

தெரியாதவன் எங்கே வேண்டுமானாலும் போய்க் கற்றுக்கொள்ளலாம், அவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெரிந்தவன் என்று பெயர் எடுத்துவிட்ட எனக்குக் கடைசி பெஞ்சில்கூட இடமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சோம்பேறித்தனத்துக்கு இதைவிட வசதியான காரணம் கிடைக்காது.

முதல் வருடம் படித்த அந்தப் பெண், அக்காவின் மகள், கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனதும் தனியாக வகுப்புச் சேர்ந்து உண்மையாகவே பிரெஞ்சு கற்றுக்கொண்டாள். ஒருநாள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாள். வெங்காயத்துக்கான சொல்லை நான் அவளுக்கு 'ஆய்க்னான்' என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் போடாத தோட்டம் இல்லை என்பதால் அந்தச் சொல்லை அவள் ஆசையாகக் கேட்டு வாங்கியிருந்தாள். "அண்ணா, அது ஓஞோன்னு சொல்லணுமாம். ஐ எழுத்து சும்மா நிக்குதாம். எங்க மேடம் சிரிச்சுட்டாங்க" என்று அவளும் சிரித்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. 1990-லேயே அந்த 'ஐ' எழுத்தை எடுத்துவிடலாம் என்று பிரான்ஸில் சீர்திருத்தம் வந்தது. 2016-ல் பாடநூல்களில் அது வரப்போகிறது என்றதும் அந்த நாடே வெங்காயத்துக்காகச் சண்டை போட்டது. இந்தக் கதையை உடனே அவளுக்குத் தட்டச்சு செய்து அனுப்பினேன். கூடவே, "சரியான உச்சரிப்பு எனக்குத் தெரியும்மா, எக்ஸாம்ல ஸ்பெல்லிங் மறக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்" என்றும். அவள் ஒரு கட்டைவிரல் போட்டாள். நம்பினாளா என்று தெரியாது. அதன் பிறகு என்னிடம் பிரெஞ்சு பற்றி அவள் கேட்டதில்லை.

போன ஜூனில் அதே அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறான், பிரெஞ்சு. எனக்கு என்னவோ அன்றைக்குத் துணிச்சல் வந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். மார்க் வாங்க வைப்பேன். பிரெஞ்சு பேசறது, கேட்டுப் புரிஞ்சுக்கறது எல்லாம் என்கிட்ட கிடைக்காது. எனக்கே தெரியாதுங்க."

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்கே தெரியாதுன்னா இந்த ஊருல வேற யாருக்குங்க தம்பி தெரியும்? பாண்டிச்சேரித் தாத்தாகூட நீங்க பேசுனதை நானே பந்தல்ல நின்னு பார்த்தனே."

"இல்லீங்க அக்கா, அன்னைக்கு..."

"அட, விடுங்க. பேசி என்ன பண்ணப் போறான்? மார்க் வந்தாப் போதும்."

நோட்டுகளை எண்ணித் திண்ணையில் வைத்தார். எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து ஆறு மணிக்கு அனுப்பச் சொன்னேன்.